மூன்றாம் முறைக்கு முன்

1974 ஓகஸ்ட் 17, சனிக்கிழமை. பதுளையில் மழையில்லை, காலை முதல் வறண்ட கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. தகரக் கூரை படபடத்த மண்டபத்தில் பாரந்தூக்கும் போட்டி நடந்துகொண்டிருந்தது.

இரும்புக்கடை ஜாபிருக்கு நாற்பத்தொரு வயது. மடுல்சீமைப் பாதையில் லொறி புரண்டு அவருடைய முதுகெலும்பு அடிபட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கோப்பைக்கு ஆசைப்படவில்லை. இருநூறு இறாத்தலைத் தலைக்குமேல் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். விபத்துக்கு முன்பும் அவருக்கு வசப்படாத எடை அது. இன்று இயலாவிட்டால் இனிப் பாரந்தூக்கும் தண்டைத் தொடுவதில்லை என்று மனைவி ஸித்தி ஸுபைதாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

ஒருவருக்கு மூன்று முறைதான். முதல் முறை தண்டு தோளோடு நின்றுவிட்டது. இரண்டாம் முறை முழங்கை மடங்கிற்று. மேடையிலிருந்து இறங்கியவரால் நிமிர இயலவில்லை. நண்பர் அலவி அவரைச் சுவரோரம் பாயில் கிடத்தினார்.

"முதுகு எப்படி இருக்கு?"

"பூட்டுப் போட்ட மாதிரி இருக்கு, அலவி. கொஞ்சம் படுத்திருந்தா எளகும்."

அடுத்து அவரையே அழைக்க வேண்டியிருந்தது. அப்போதுதான், பக்கத்து வாங்கில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்த ஷுக்ரி எழுந்து நடுவரிடம் போனான்.

மூன்று ஆண்டுகளாகக் கோப்பையைத் தன் வீட்டிலேயே வைத்திருப்பவன் ஷுக்ரி. அவன் இருநூற்று நாற்பதில்தான் தொடங்குவான் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்றோ, இருநூறிலேயே தொடங்குவதாக அறிவித்தான். இருவருக்கும் ஒரே எடை என்றால், குறைந்த முறை முயன்றவனே முன்னால் தூக்க வேண்டும் என்பது விதி. எனவே ஜாபிருக்கு முன்னால் அவன் மேடையேறினான்.

அலவிக்கு இரத்தம் கொதித்தது. "நீங்க ரெண்டு தரம் போட்டத ஒங்க கண்ணு முன்னால தூக்கிக் காட்டப் போறான். திமிரப் பாருங்க."

ஜாபிர் கண்களை மூடிக் கிடந்தார்.

ஷுக்ரி கைகளில் வெள்ளைத் தூளை நிதானமாகப் பூசினான். இடுப்புப் பட்டியை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். தண்டை முழங்கால்வரை தூக்கிக் கீழே போட்டான். மண்டபம் சிரித்தது. ராத்திரி சாப்பிடவில்லையா தம்பி என்று யாரோ கேட்டார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் முறையும் அதே எடையைக் கேட்டான். அதே தூள், அதே பட்டி, அதே முழங்கால்.

"பெருமை புடிச்சவனுக்கு அல்லா ஒடனேயே காட்டிட்டான்" என்றார் அலவி.

ஜாபிரின் பெயர் ஒலித்தது. அவர் எவர் கையையும் பற்றாமல் எழுந்து நடந்தார். தண்டு தோளுக்கு வந்தது. ஒரு மூச்சு நின்றார். பின்பு இருநூறு இறாத்தலும் அவர் தலைக்குமேல் அசையாமல் நின்றன. நடுவர் மூவரும் வெள்ளைக் கொடியை உயர்த்தினர்.

கட்டித் தழுவ ஓடிவந்த அலவியைக் கடந்து, ஜாபிர் நேரே ஷுக்ரியிடம் போனார். அவனுடைய இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"கைய விடுங்க, ஜாபிர் நானா" என்றான் ஷுக்ரி. "எனக்கு இன்னும் ஒரு தரம் மிச்சமிருக்கு."

அலவிக்குப் பொறுக்கவில்லை. "இவன் கையையா புடிக்கிறீங்க?"

"நடுவுல வேற யாரும் தூக்காட்டி மூணு நிமிஷந்தான் தருவாங்க, அலவி. அதுக்குள்ள நான் எழும்பியிருக்க மாட்டேன். இவன் ரெண்டு தரத்த வீணாக்கித்தான் எனக்குப் படுக்க நேரம் வாங்கித் தந்தான்."

மிஞ்சிய ஒரே முறையில் ஷுக்ரி இருநூற்று நாற்பதைத் தூக்கினான். அதைவிடப் பத்து இறாத்தல் கூடுதலாகத் தூக்கிய பண்டாரவளைக்காரர் ஒருவர் கோப்பையைக் கொண்டுபோனார்.

மறுநாள் ஸித்தி ஸுபைதா ஷுக்ரியின் வீட்டுக்கு ஒரு சட்டி வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார். அதைக் கேட்டு வாங்கிச் சுமந்துகொண்டு போனவர் அலவி.