தெரியாத டிஸ்க்

வீட்டு சர்வரில் இரண்டு டிஸ்க்கும் தெரியவில்லை. கேபிளை மாற்றியும் பலனில்லை. விற்ற கடைக்காரரைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினான்.

"டிஸ்க்கை வெளிய எடுத்துப் பார்த்தீங்களா சார்?"

"நானே மாட்டின டிஸ்க்குய்யா. எனக்கே பாடம் எடுக்கறியா?"

மனைவி யாரிடம் பேசுகிறாள் என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க, அறைக்கு அறை கேமரா வைத்துப் பதிவு செய்த சர்வர் அது.

பல்லைக் கடித்துக்கொண்டு டிஸ்க்குகளை உருவினான். இரண்டும் அவன் எப்போதோ பரணில் வீசிய செத்த டிஸ்க்குகள்.

"இதுல இருந்தது எங்கடி?"

பெட்டியோடு வாசலில் நின்ற மனைவி சொன்னாள்: "வக்கீல்கிட்ட. நீங்க என்னை அடிச்சது ஒண்ணு விடாம அதுல தெளிவாத் தெரியுதாம்."