மூடுமுன் கூப்பிடுவது

சூசைப்பிள்ளையின் இதயம் தாளம் தப்பித்தான் துடிக்கும். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை குடித்தார். கடற்றொழிலாளி; குளிசையால், மீன்முள் குத்தினால்கூட இரத்தம் நிற்காது. ஆகவே கொழும்பில் இதயத்துக்குள் ஒரு கருவி வைத்தார்கள்.

"இதயத்தில ஒரு சின்னப் பை இருக்கம்மா. அங்கதான் இரத்தம் தேங்கிக் கட்டிபடும். அதின்ர வாயை ஒரு மூடியால மூடிவிட்டம். மூடிக்கு மேல சதை வளந்திடும். இனிக் குளிசை வேண்டாம்," என்றார் டொக்டர்.

"மூட முந்தி உள்ளுக்குக் கூப்பிட்டுப் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள் மனைவி றோஸ்மேரி.

டொக்டர் சிரித்தார். முல்லைத்தீவில் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள், வளவிலிருந்த பதுங்குகுழியை மண் போட்டு மூடுமுன், யாரும் இருக்கிறார்களோவென்று உள்ளே கூப்பிட்டுப் பார்த்தார்கள். றோஸ்மேரியும் போரில் காணாமற்போன மகனை, "வின்சன்" என்று மூன்று தரம் கூப்பிட்டாள். பதில் வரவில்லை. மூடினார்கள்.

இப்போது சூசைப்பிள்ளை மறுபடி கடலுக்குப் போகிறார். ஒரு மத்தியானம் அவர் அயர்ந்து கிடக்கையில் றோஸ்மேரி நெஞ்சில் காது வைத்தாள். தாளம் தப்பிய பழைய துடிப்பு கேட்டது. அதற்கடியில் இன்னொன்று, சிறியதாய், பிசகாமல்.

"வின்சன்," என்றாள்.

சிறியது நின்றது. பிறகு, உள்ளேயிருந்து தட்டுவதுபோல, மூன்று தரம் கேட்டது.

மூடிக்கு மேல் சதை நன்றாக வளர்ந்துவிட்டதாகப் போன கிழமைதான் டொக்டர் சொல்லியிருந்தார்.