பதினொரு பேர் கம்பெனி

ஒன்பதாவது நாற்காலியின் முதுகில் ஒரு சாம்பல் நிறக் கோட்டை மாட்டிவிட்டு, அக்கா இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள்.

"இப்ப ஆள் இருக்கற மாதிரி இருக்குல்ல?"

இருந்தது. எல்லோரும் இப்போதுதான் எழுந்து கை கழுவப் போன மாதிரி இருந்தது. நாற்காலிகள் கீழேயுள்ள தையற்கடையில் இரவல் வாங்கியவை. கோட்டுகளும் அங்கேதான். கறை பட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று தையற்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒவ்வொரு மேசையிலும் பாதி குடித்த டீ ஒன்று வைத்தோம். அந்த ஒன்பது பாதியையும் குடித்தது நான்தான்.

எங்கள் வீடியோ கேம் கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர். அக்கா புரோகிராம் எழுதுவாள், நான் படம் வரைவேன். வெள்ளத்தில் மூழ்கிய ஊரில் ஒரு தபால்காரர் படகில் போய்க் கடிதம் கொடுக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. நாலு வருடத்தில் மூன்று தெரு கட்டியிருந்தோம். முழு ஊரையும் கட்ட ஒரு படையே வேண்டும். அந்தப் படை ஒரு பெரிய கேம் கம்பெனியிடம் இருந்தது. அறுநூறு பேர்.

சிறிய கம்பெனிகளோடு கூட்டுச் சேர அவர்கள் விட்ட அறிவிப்பில் ஒரே ஒரு சிக்கல். பத்துப் பேருக்குக் குறைவான குழுக்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.

அக்கா கண்ணை இமைக்காமல் பதினொன்று என்று போட்டாள்.

அதற்கப்புறம் மீதி ஒன்பது பேரையும் நாங்கள்தான் பெற்று வளர்க்க வேண்டியதாயிற்று. ஆளுக்கொரு மின்னஞ்சல் முகவரி. எங்கள் ஒலிப்பதிவாளர் பரம சாது. சோதனையாளர் எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பார். சட்ட ஆலோசகர் சரியான சிடுமூஞ்சி. பெரிய கம்பெனியின் பரிசீலனைக் குழுவில் ஐந்து பேர், அவர்களில் ஒருவரோடு இவருக்கு ஜென்மப் பகையே வந்துவிட்டது.

ஒரு தடவை வேலை முடியாமல் மாட்டிக்கொண்டபோது, ஒளியமைப்பாளருக்குத் திடீர்க் கல்யாணம் செய்துவைத்து ஒரு வாரம் அவகாசம் வாங்கினோம். பரிசீலனைக் குழு வாழ்த்து எழுதி, கூடவே ஒரு சுவர்க்கடிகாரமும் அனுப்பியது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

நாற்காலிகளுக்குக் கோட்டு மாட்டியது, எங்கள் பதினொரு பேரையும் நேரில் பார்க்க வருவதாக அவர்கள் எழுதியிருந்ததால்தான். அந்தக் கடிகாரம் பத்தரை காட்டியபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவர் ஒரே ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். பெரிய கம்பெனியின் தயாரிப்பு மேலாளர் என்று மூச்சு வாங்கச் சொன்னார். நாற்காலிகளைப் பார்த்தபடியே மெதுவாக நடந்தார்.

"எல்லாரும் உள்ள மீட்டிங்ல இருக்காங்க மேடம்" என்றாள் அக்கா.

எங்கள் அலுவலகத்தில் உள்ளே என்று ஒன்று கிடையாது. இருப்பது ஒரே அறை.

அவர் ஒரு கோட்டின் கையைத் திருப்பினார். குண்டூசியில் ஒரு சீட்டு தொங்கியது. 'மாப்பிள்ளையின் அண்ணன். வெள்ளிக்கிழமை டெலிவரி.' அடுத்த கோட்டிலும் ஒரு சீட்டு. ஒன்பதிலும் சீட்டு. எடுக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

நான் தரையைப் பார்த்தேன். நாலு வருட உழைப்பு, கட்டி முடிக்காத ஊர், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"போன மாசம் உங்க ரெண்டு பேருக்கும் காய்ச்சல்னு எழுதினீங்களே" என்றார் அவர். "அந்த மூணு நாளும் மத்த ஒன்பது பேரும் வாயே திறக்கலையே?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

முழு ஊரையும் கட்ட நூறு பேர் என்று அதில் இருந்தது. அவர்கள் பக்கத்துக் கையெழுத்துகள் ஏற்கெனவே விழுந்திருந்தன. எங்கள் பக்கத்தில் இரண்டே இரண்டு இடம், அக்கா பேருக்கும் என் பேருக்கும். அச்சடித்தே கொண்டுவந்திருந்தார்.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. கீழே தையல் மெஷின்கள் ஒரு நிமிடம் நின்று, திரும்ப ஓட ஆரம்பித்தன.

மூச்சு வந்ததும் அக்காவுக்குப் பயமும் கூடவே வந்துவிட்டது. "பரிசீலனைக் குழுவுக்குத் தெரிஞ்சா திட்ட மாட்டாங்களா மேடம்?"

அவர் சுவரைப் பார்த்தார். "கடிகாரம் நல்லா ஓடுதா?"

ஓடுகிறது என்று தலையாட்டினோம்.

"நான்தான் கடை கடையா ஏறி இறங்கி வாங்கினேன். எங்க ஆபீஸ்ல அஞ்சு பேர் சேர்ந்து பரிசீலிக்கணும்னு விதி. யாருக்கும் நேரம் இல்ல. உங்க கேமை விட்டுட எனக்கு மனசு வரல. அஞ்சு பேர் பேர்லயும் நானே எழுதினேன். நேத்துதான் அவங்களைப் பிடிச்சு உக்கார வெச்சு விளையாட வெச்சேன். சாயங்காலம் வரைக்கும் ஒருத்தர்கூட எழுந்திருக்கல. கையெழுத்து அவங்களே போட்டது."

பிறகு எங்களை மாறி மாறிப் பார்த்தார். "அந்த சட்ட ஆலோசகர் யாரு?"

அக்கா மெல்லக் கையைத் தூக்கினாள்.

ஆறு மாதமாக எழுதி, சண்டை போட்டு, வாழ்த்துச் சொல்லிக்கொண்ட பதினாறு பேரும் அப்போது அந்த அறையில்தான் இருந்தோம்.

நான் மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டேன்.