உடைக்காமல் போட்ட தரை

அருண்ராஜின் தொழிலுக்கு முதலீடு ஒரு காலிப் பெட்டியும் ஒரு சுத்தியலும்தான். மூளையும் இருப்பதாக அவனுக்கு நெடுநாளாக ஒரு நினைப்பு.

சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் வீடு புதுப்பிக்கிறவர்கள் லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டுவார்கள். எந்த வீடு, என்றைக்கு வேலை, கான்ட்ராக்டர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அருண்ராஜ் அந்த நாளில் எல்லோருக்கும் முன்பாகப் போய், "கான்ட்ராக்டர் அனுப்பினார்" என்று நிற்பான். பழைய தரையில் சுத்தியலால் நாலு போடு போட்டால், சத்தமும் தூசியும் தாங்காமல் வீட்டுக்காரர்கள் வெளியே ஓடிவிடுவார்கள். அப்புறம் பீரோவும் அவனும்தான். உண்மையான ஆட்கள் பத்து மணிக்கு வருவதற்குள் அவன் பஸ் ஏறியிருப்பான். தஞ்சோங் பகாரில் ஒரு வீடு, தோ பாயோவில் இரண்டு என்று இதுவரை ஒரு தடங்கலும் இல்லை.

இன்று லிட்டில் இந்தியாவில் ஒன்பதாவது மாடி. கதவைத் திறந்த ஆயிஷாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கான்ட்ராக்டர் பெயரைச் சொன்னதும் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க தம்பி, வாங்க! ஞாயித்துக்கிழமை என் பொண்ணு யும்னாவுக்கு நிச்சயம். அதுக்குள்ள ஹால் தரை முடியணுமேன்னு கவலையா இருந்துச்சு லா."

நிச்சயம் என்றால் நகையெல்லாம் லாக்கரிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கும். அருண்ராஜ் உற்சாகமாகச் சுத்தியலை ஓங்கினான்.

"ஐயோ, உடைக்காதீங்க! ஹேக்கிங், அதான் பழசைப் பேர்த்தெடுக்கிற வேலை, வேணாம்னுதானே பேச்சு? பழைய தரை மேலேயே புது டைல்ஸ் ஒட்டணும்."

சத்தமும் இல்லை, தூசியும் இல்லை. ஆயிஷா நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். அறிவிப்பை இன்னும் இரண்டு வரி படித்திருக்கலாம் என்று அருண்ராஜ் தன்னையே திட்டிக்கொண்டான்.

டைல்ஸும் பசையும் கருவிகளும் நேற்றே வந்து இறங்கியிருந்தன. அரை மணி நேரம் சமாளித்தால் இந்த அம்மா எழுந்து போகாமலா இருப்பார் என்று அவன் தரையில் குந்தினான்.

"பழைய டைல்ஸ முதல்ல தட்டிப் பார்க்கணுமாமே தம்பி? வீடியோவுல சொன்னாங்க."

"அதைத்தானே பண்ணப்போறேன் அக்கா," என்று தட்டினான்.

"பளபளப்பைச் சுரண்டி விடணுமாமே?" சுரண்டினான். "கழுவித் துடைச்சாத்தான் பசை பிடிக்குமாமே?" துடைத்தான். அப்பாவி, கேள்வி கேட்டே தனக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறார் என்று அவனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

பத்து மணி தாண்டியும் உண்மையான ஆட்கள் வரவில்லை. அதிர்ஷ்டம் தன் பக்கம்தான் என்று நினைத்தான். மதியம் ஆயிஷா பிரியாணி கொடுத்தார்.

"பசை வாடை ஒத்துக்காது அக்கா. கொஞ்ச நேரம் வெளிய போய்ட்டு வாங்களேன்."

"எனக்குச் சளி தம்பி. வாடையே தெரியல."

மூன்று மணிக்கு மேல் ஒரு விபரீதம் நடந்தது. அருண்ராஜுக்கு வேலை பிடித்துவிட்டது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, மயிரிழை விலகிய ஒரு டைலைப் பெயர்த்து மறுபடி ஒட்டினான். மூன்று வீடுகளில் திருடியபோது வராத பெருமை இப்போது வந்தது. அவனுக்கே வெட்கமாக இருந்தது.

உள்சுவரில் தொடங்கி வாசலில் முடிப்பதுதான் முறையாம். அதையும் ஆயிஷாதான் கேட்டுவைத்தார். ஐந்து மணிக்குக் கடைசி டைலை ஒட்டியபோது இருவரும் வீட்டுக்கு வெளியே இருந்தார்கள்.

"பிரமாதம் தம்பி! இருங்க, கீழே போய் தே வாங்கிட்டு வர்றேன்."

ஒருவழியாக ஆள் நகர்ந்தார். பீரோ இருந்த அறை ஹாலின் அந்தக் கோடியில். நடுவே பசை காயாத புதுத் தரை. அருண்ராஜ் ஒரு காலை வைத்தான். டைல் அசைந்தது. ஐயோ என்று குனிந்து அதைச் சரிசெய்தான். மனதைக் கல்லாக்கிக்கொண்டு மறுபடி காலைத் தூக்கினான், முடியவில்லை. திருட வந்த வீட்டில் தரை கெட்டுவிடுமே என்று கவலைப்படும் திருடன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று நொந்துகொண்டு படியருகே உட்கார்ந்தான்.

தேநீர் வரவில்லை. ஆயிஷாவுடன் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

"இவனைத்தான் மூணு மாசமா தேடுறோம்," என்றார் அவர்களில் தமிழர். "போலின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"காலைல எட்டு மணிக்குக் கான்ட்ராக்டர் போன் பண்ணி, ஆள் இல்ல, ரெண்டு மாசம் ஆகும்னு கைய விரிச்சுட்டார். ஒன்பது மணிக்கு இவர் வந்து, அதே கான்ட்ராக்டர் அனுப்பினார்ங்கிறார்."

"அப்போ ஒன்பது மணிக்கே எங்களைக் கூப்பிட்டிருக்கலாமேம்மா?"

ஆயிஷா புதுத் தரையைக் கண் நிறையப் பார்த்தார்.

"கூப்பிட்டிருந்தா, நீங்க டைல்ஸ் போட்டுக் கொடுத்திருப்பீங்களா சார்?"