இருபத்து மூன்று கையெழுத்து

"எழுதும்மா. அந்த டீச்சரை உடனே வேலையை விட்டு அனுப்பணும். இதுதான் விஷயம்."

நாலாம் வகுப்பு மகள் பேனாவைப் பிடித்தபடி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க இங்கிலீஷ் டீச்சரையாப்பா?"

"பின்னே, கணக்கு டீச்சரையா? எழுது."

அப்பா பீரோ, கட்டில் விற்கும் கடைக்காரர். பெற்றோர் சங்கத்துக்குத் தலைவர் வேறு. வேறு யாரும் வரமாட்டேன் என்றதால் கிடைத்த பதவிதான். ஆனாலும் விசிட்டிங் கார்டில் கடைப் பெயருக்கு மேலேயே அதை அச்சடித்து வைத்திருந்தார்.

போன வாரம் பள்ளிக்கூடப் பக்கம் போனவர், ஜன்னல் வழியாக மகளின் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து மனிதர் கொதித்துக்கொண்டிருக்கிறார். டீச்சர் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். வழி தவறி வந்த பூனையாம். பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டு இங்கிலீஷில் என்னென்னவோ கேட்டுத் துளைக்க, பூனையும் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டு மியாவ் மியாவ் என்று அழுதது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"பள்ளிக்கூடமா அது, சர்க்கஸா? நோட்டுல பாதி பக்கம்கூட நிரம்பலை. பிள்ளைங்களுக்கு ஒரு வரி இங்கிலீஷ் எழுத வரலை. அதையும் எழுது."

மகள் அதையும் இங்கிலீஷில் மடமடவென்று எழுதினாள்.

"தமிழ்லயே எழுதிக் குடுத்தா என்னப்பா?"

"தமிழ்ல குடுத்தா எவன் மதிப்பான்? இங்கிலீஷ்ல ஒரு காகிதம் போனாத்தான் எழுந்து நிப்பாங்க."

மகள் எழுதியதை கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து டைப் அடித்து வாங்கினார். மறுநாள் காலையில் பள்ளி வாசலில் நின்று கையெழுத்து வேட்டை நடத்தினார். அவரையும் சேர்த்து இருபத்து மூன்று பேர் போட்டார்கள். ஒருவர்கூடப் படிக்கவில்லை. இங்கிலீஷ் தெரியாதவர்கள், தெரியாது என்று காட்டிக்கொள்வானேன் என்று போட்டார்கள். தெரிந்தவர்கள், இவ்வளவு நீளத்தை யார் படிப்பது என்று போட்டார்கள். ஒரே ஒரு அம்மா மட்டும் "எதுக்குங்க இது?" என்று கேட்டார். அதுவும் கையெழுத்தைப் போட்டு முடித்த பிறகு.

தலைமையாசிரியை கடிதத்தை ஒரு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"இந்த டீச்சரை வச்சுக்கறதா, அனுப்பறதான்னு நாளைக்குக் கமிட்டியில முடிவு பண்றாங்க. சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க. யார் சார் எழுதினது? இங்கிலீஷ் பிரமாதம்."

"நானேதான் மேடம்." தலைவருக்குக் கொஞ்சமும் கூசவில்லை. "படிக்கிற காலத்துலயே நமக்கு இங்கிலீஷ்னா உயிர்."

"அப்படியா! இந்த மூணாவது வரியை மட்டும் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்."

தலைவருக்குக் காதோரம் வியர்த்தது.

"கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன் மேடம்."

சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியைத் தலைமையாசிரியை ஒரு நிமிடம் பார்த்தார்.

"பரவாயில்லை சார். நான் தமிழ்ல சொல்றேன், சரியான்னு பாருங்க." நிதானமாக ஆரம்பித்தார். "இந்த டீச்சர் வந்த பிறகுதான் எங்க பிள்ளைங்க பயமில்லாம இங்கிலீஷ் பேசுறாங்க. மேசைக்கு அடியில உட்கார்ந்தாவது சொல்லிக்குடுக்கிற இந்த மாதிரி ஒருத்தர் கிடைக்கிறது கஷ்டம். எந்தக் காரணத்துக்காகவும் இவங்களை அனுப்பக் கூடாது. அவ்வளவுதான். கீழே இருபத்து மூணு கையெழுத்து. முதல் கையெழுத்து உங்களோடது."

தலைவருக்குத் தலை கிறுகிறுத்தது. இத்தனூண்டு இருந்துகொண்டு அப்பன் காலையே வாரிவிட்டாளே!

"என்ன சார், நீங்க எழுதினது இதுதானே?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால், பிறகு எழுதியது யார் என்ற கேள்வி வரும். எழுதியதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லையா என்று அடுத்த கேள்வி வரும். ஒரு டீச்சரின் வேலையைவிடத் தன் மானம் பெரிது என்று தலைவர் முடிவுக்கு வந்தார்.

"இதேதான் மேடம். ஒரு எழுத்து மாறலை."

"ரொம்ப சந்தோஷம். இந்தக் கடிதம் எங்கிட்டயே இருக்கட்டும்." தலைமையாசிரியை அதை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "நாளைக்கு நீங்களே கமிட்டிக்கு வந்து இதை வாயால சொல்லிடுங்க. தமிழ்லயே சொல்லலாம்."

"தாராளமா மேடம்."

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகத் தலைவர் கத்தினார்.

"ஏண்டி, நான் சொன்னது ஒண்ணு, நீ எழுதினது ஒண்ணா? பெத்த அப்பனையே ஏமாத்துறியா?"

மகள் மிரண்டுபோனாள். கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"இல்லப்பா, சத்தியமா நீங்க சொன்னதைத்தான் எழுதினேன். டீச்சரை உடனே அனுப்பிடுங்க, அவங்க எங்களுக்கு வேண்டவே வேண்டாம்னு, எனக்குப் பிடிக்காட்டியும் அப்படியேதான்ப்பா எழுதினேன். வேணும்னா யாராவது இங்கிலீஷ் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துக் கேட்டுப் பாருங்க."