முள் எடுத்த மீன்

சுனாமி பிளந்துபோட்ட படகு இன்று காலைதான் மறுபடி கடலுக்குப் போய் வந்திருக்கிறது. கோவளம் குப்பத்தில் உச்சிவெயிலுக்கு மணல் பொரிகிறது. படகைச் சீர்செய்து கொடுத்த இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்களும் அதன் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே நரை, ஒரே கூன், விரல்களில் ஒரே பிசின் கறை. அண்ணன் தம்பி என்றே நினைத்து, முதலில் பிடித்த சங்கரா மீனைக் குழம்பு வைத்து, ஒரே தாம்பாளத்தில் இருவருக்கும் சோறு போட்டிருக்கிறாள் படகுக்காரன் பெண்டாட்டி கங்கம்மா. அவர்கள் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல வந்த பென்னி பதறுகிறான். "இன்னாக்கா, ஒரே தட்டுல போட்டுட்டே? வெர்னர் ஜெர்மனி, மிஷேல் பிரான்சு. அந்தக் காலத்துல ஜென்மப் பகை. மிஷேலோட அப்பாவ ஜெர்மன் பட்டாளம்தான் சுட்டுச்சு. அப்பறமாத்தான் ரெண்டு நாடும் ராசியாச்சு." ராசியானது அவள் காதில் ஏறவில்லை, சுட்டதுதான் ஏறுகிறது. இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறாள். மிஷேல் நிமிரவில்லை. மீனிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வெறும் சதையைக் கண் மங்கிய வெர்னரின் பக்கம் தள்ளிவைக்கிறார். வெர்னர் முள் இருக்கிறதா என்று தடவிக்கூடப் பார்க்காமல் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். கங்கம்மா கையிலிருந்த தட்டை இடுப்பில் இடுக்கிக்கொள்கிறாள். புருஷனுக்கென்று சட்டியில் ஒதுக்கியிருந்த மீன்தலையை எடுத்துவந்து, அந்த ஒரே தாம்பாளத்தின் நடுவில் வைக்கிறாள்.