ஃப்ளோரியன் நாள் குழம்பு

“சூப்பை மூடி வை, வந்துடறேன்!”

அபாயச் சங்கு ஊதியதும் ஸ்லாவ்கோ ரொட்டியைப் போட்டுவிட்டுத் தலைக்கவசத்தோடு ஓடினான். ஊரின் தன்னார்வத் தீயணைப்புச் சங்கத்துக்கு அவன்தான் தலைவன்.

அரை மணி நேரத்திலேயே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

“அதுக்குள்ள அணைச்சாச்சா?” நெவென்கா கேட்டாள். காலையிலிருந்து பள்ளிப் பேருந்து ஓட்டிய களைப்பு அவள் குரலில் இருந்தது.

“எங்க அணைச்சோம்! யோசிப்போட வைக்கோல் கொட்டகை மொத்தமும் சாம்பல். வண்டி இங்க நிக்குது, ஓட்டறவன் திராட்சைத் தோட்டத்துல நிக்கிறான்!”

“இன்னிக்குத் திராட்சைத் தோட்டம், போன தடவை யாரோ கல்யாணம். இதுக்குத்தான் நகராட்சியே சம்பளத்துக்கு ஆள் வச்சுத் தீயணைப்புத் துறை தொடங்கணுங்கறாங்க. நாளைக்கு ஓட்டெடுப்புல பேசாம கையைத் தூக்கு.”

“நானா? எங்க தாத்தா ஆரம்பிச்ச சங்கத்தை நானே மூடணுமா?”

நகர்மன்றத்தில் பாதிப் பேர் வேண்டும் என்றார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். மிச்சமிருந்தது உறுப்பினர் ஸ்லாவ்கோவின் ஒரு கை மட்டுமே.

“இந்தத் தலைக்கவசம் போச்சுன்னா நான் யாரு? வெறும் கடிகாரம் ரிப்பேர் பண்றவன்.”

“என் புருஷன். அது போதாதா?” நெவென்கா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நம்ம கல்யாண விருந்துல சங்கு ஊதிச்சு, எழுந்து ஓடினே. மக பொறந்தப்பவும் ஓடினே. ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தவ நான். எனக்கும் ஆசை இருக்காதா, ஸ்லாவ்கோ?”

பாவம், பக்கத்தில் புருஷன் இருக்கவேண்டும் என்று இத்தனை காலம் எப்படி ஏங்கியிருக்கிறாள்! மறுநாள் மன்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கிவிட்டான்.

சில மாதங்கள் கழித்து, தீயணைப்பு வீரர்களின் காவலரான புனித ஃப்ளோரியன் திருநாளன்று சதுக்கத்தில் புதிய நிலையத்தின் திறப்பு விழா. வழக்கம்போல ஓரமாக அண்டாவில் இறைச்சிக் குழம்பு கொதித்தது. சங்கத்தில் பெண்களுக்கு இருந்த ஒரே வேலை அதுதான். தாத்தா காலத்து விதி, ஸ்லாவ்கோவும் அதை மாற்றியதில்லை.

“கொஞ்ச நேரம் கிளறிட்டு இரு,” என்று பெரிய கரண்டியை அவன் கையில் திணித்துவிட்டு நெவென்கா கூட்டத்துக்குள் மறைந்தாள்.

“தலைவரே, தலைக்கவசத்தை விடக் கரண்டி எடுப்பா இருக்கே!” பழைய கூட்டாளிகள் சீண்டினார்கள்.

“சிரிங்கடா, சிரிங்க. இனிமே பொண்டாட்டி கூட உக்காந்து நிம்மதியா ஒரு வாய் சாப்பிடுவேன்ல!”

மேயர் ரிப்பனை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தார். அதற்குள் நிஜமாகவே சங்கு ஊதிவிட்டது. மேட்டுத் தெருவில் எவர் வீட்டுப் புகைபோக்கியோ பற்றிக்கொண்டிருந்தது.

பழக்கதோஷத்தில் ஸ்லாவ்கோ இரண்டடி ஓடி, கரண்டியோடு நின்றான். இனி இந்தச் சங்கு தனக்காக ஊதாது என்று நினைத்தபடி அண்டாவுக்கே திரும்பினான்.

நிலையத்தின் கதவு திறந்தது. புதுச் சிவப்பு வண்டி ரிப்பனை அறுத்துக்கொண்டு வந்து, அண்டாவில் இடிக்காமல் அழகாக வளைந்து திரும்பியது. ஓட்டுநர் சன்னலிலிருந்து, புத்தம்புதுத் தலைக்கவசத்தோடு, நெவென்கா எட்டிப் பார்த்தாள்.

“குழம்பை மூடி வை, வந்துடறேன்!”